ஃபேமிலி பிளான்

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆவணங்களின்படி நான் ஒன்பது வருடம் ஒரு குடும்பத்தின் தலைவன். அந்தக் குடும்பத்தில் எனக்கு ரத்த சொந்தம் யாரும் கிடையாது. கோவில்பட்டி அண்ணாச்சி, தேனிக்காரன், மாயவரத்தான், நெல்லூரிலிருந்து வந்த ஒரு தெலுங்குப் பையன், நான். 2015இல் நியூஜெர்சியின் எடிசனில் இரண்டு படுக்கையறை வீடொன்றில் ஐந்து பேரும் தங்கியிருந்தோம். ஆளுக்கொரு இணைப்பு, ஐந்துக்கும் சேர்த்து ஒரே பில், பில்லில் என் பெயர். அதற்குத்தான் 'ஃபேமிலி பிளான்' என்று பெயர்.

காரணம் சிக்கனம், வேறொன்றுமில்லை. தனியாக ஒரு இணைப்பு வாங்கினால் மாதம் 70, 80 டாலர் ஆகும். ஐந்தாகச் சேர்ந்தால் தலைக்கு 35 டாலரில் முடிந்துவிடும். வந்து இறங்கிய பேச்சிலர்கள் எல்லாரும் அப்போது இதைத்தான் செய்தார்கள். இந்த மாதிரி இணைப்புக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும், கடன் மதிப்பெண் வேண்டும். புதிதாக வந்தவனுக்கு மதிப்பெண் இருக்காது, டெபாசிட் கட்டச் சொல்வார்கள். மற்றவர்களைவிட ஒரு வருடம் முன்னால் வந்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் மதிப்பெண் இருந்தது. அந்த ஒரே தகுதியில் குடும்பத் தலைவன் ஆனேன்.

ஊரில் எங்கள் தெருவில் ஏலச்சீட்டுப் பிடிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். இருபது பேர் சீட்டில் ஒருவர் கட்டாமல் விட்டால் அந்தப் பணத்தை அவர்தான் கைக்காசு போட்டுக் கட்டுவார், பிறகு அந்த வீட்டு வாசலில் போய் உட்காருவார். என் நிலைமையும் அதுதான், உட்கார வாசல் மட்டும் இல்லை. ஒருவன் சியாட்டில் போனான், ஒருவர் டெக்சஸின் இர்விங் போனார். வீடு கலைந்த பிறகும் பில் கலையவில்லை. மாதம் நான்காம் தேதி பில் வந்ததும் ஸ்ப்ளிட்வைஸில் பிரித்துப் போட்டு, வாட்ஸ்ஆப் குழுவில் தொகையைச் சொல்வேன். சில மாதங்களில் ஐந்து பேரும் பேசிக்கொள்வது அந்த ஒரு செய்தியின் கீழ் மட்டும்தான். "அனுப்பிட்டேன்டா." "போன மாசத்தவிட ஏன்டா மூணு டாலர் கூட?" அந்த மூன்று டாலருக்குப் பதில் தேடிப் பில்லை வரிவரியாகப் படித்ததில்தான் தெரிந்தது, அதில் 'நிர்வாகக் கட்டணம்' என்று வரியைப் போல வேடமிட்டு நிற்பது அரசாங்க வரியே இல்லை, நிறுவனம் தானாகப் போட்டுக்கொள்வது.

இந்த நாட்டில் கைபேசி விற்ற விதமே கடன் கொடுக்கும் விதம்தான். 2008இல் ஐஃபோன் 3ஜி 199 டாலருக்கு வந்தது என்றால் கூடவே இரண்டு வருட ஒப்பந்தமும் வந்தது. ஃபோனின் மிச்ச விலையை மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்கள். நடுவில் விட்டுப் போனால் அபராதம். ஒரு பெரிய நிறுவனம் 2009இல் ஸ்மார்ட்ஃபோனுக்கான அபராதத்தை 350 டாலராக உயர்த்தியது. 2013 மார்ச்சில் டி-மொபைல் இந்த ஒப்பந்தங்களைக் கைவிட்டது. 2015இல் வெரைசனும் 2016 தொடக்கத்தில் ஏடி அண்ட் டியும் அதே வழிக்கு வந்தன. ஒப்பந்தம் ஒழிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். சேவையில் ஒழிந்தது, ஃபோனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது 800 டாலர் ஃபோனை 'இலவசம்' என்பார்கள். உங்கள் பெயரில் 800 டாலர் கடன் எழுதி, மாதம் 22 டாலர் 22 சென்ட் தவணையும் போட்டு, அதே தொகையை அதே பில்லில் கழித்தும் கொடுப்பார்கள். இப்படி 36 மாதம். இருபதாவது மாதம் விலகினால் கழிவு நின்றுவிடும், கடன் நிற்கும். அபராதம் என்ற சொல் எங்கேயும் இருக்காது.

36 மாதம். எச்1பி விசா முதல் தடவை அதிகபட்சம் கொடுப்பதும் மூன்று வருடம்தான்.

2023 ஜனவரியில் இங்கே மென்பொருள் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சிக்கும் மின்னஞ்சல் வந்தது. வேலை போனால் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி அவருக்காக விண்ணப்பம் போட வேண்டும், இல்லை வேறு விசா வகைக்கு மாற வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். முதல் நாற்பது நாள் அவர் நேர்முகத்தேர்வுகளுக்குப் போனார். பிறகு ஒப்பந்தங்களை முறிக்க ஆரம்பித்தார். வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் கடன், இன்டர்நெட், பையனின் நீச்சல் வகுப்பு. இங்கே எதிலிருந்தும் சும்மா வெளியே வர முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணை அழைக்க வேண்டும், ஒரு மணி நேரம் சங்கீதம் கேட்க வேண்டும், ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மதினியின் ஃபோனுக்கு மட்டும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர்கள் சார்பு விசாவில் வந்தவர்கள், வேலை அனுமதி இல்லாததால் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. எங்கள் பிளானிலோ ஐந்து இடமும் நிரம்பியிருந்தது. அதனால் ஆரம்பத்திலிருந்தே பெட்டிக்கடையில் வாங்குவதுபோல் ஒரு பிரீபெய்டு சிம். அந்த மாதம் ரீசார்ஜ் செய்யவில்லை, அவ்வளவுதான். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

அண்ணாச்சியின் ஃபோனில் 14 தவணை போயிருந்தது, 22 பாக்கி. கணக்கு என் பெயரில் என்பதால் நான்தான் அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாமே, எப்போது திரும்பி வருவார் என்று கேட்டார். வர மாட்டார் என்று சொன்னேன். கொஞ்சம் தட்டச்சு சத்தம். பாக்கி 489 டாலர் கட்டினால்தான் ஃபோன் அன்லாக் ஆகும், இல்லாவிட்டால் இந்தியாவில் வேறு சிம் ஏற்காது. நானே கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி பணத்தை அனுப்பிவிட்டார். அவருடைய ஐம்பத்தோராவது நாள் அது.

"அண்ணாச்சி, இப்ப எதுக்கு? ஊருக்குப் போயி செட்டில் ஆயிட்டுப் பாத்துக்கலாம்ல?"

"தம்பி, உம்பேர்ல இருக்க கடன வச்சிக்கிட்டு நான் எப்படி பிளைட் ஏறுவேன்? கணக்குன்னா கணக்கு."

ஊருக்குப் போன பிறகுதான் அடுத்த சிக்கல். இங்கே அவருடைய வங்கிக் கணக்கு, 401கே ஓய்வூதியச் சேமிப்பு, வரவேண்டிய வரித் திருப்பம் எல்லாமே அந்த அமெரிக்க எண்ணுக்கு ஓடிபி அனுப்பிக்கொண்டிருந்தன. எண்ணை விட்டால் பணம் பூட்டிய பெட்டிக்குள். வைத்திருந்தால் மாதம் 35 டாலர், ஏறக்குறைய 2,900 ரூபாய். கோவில்பட்டியில் அவருடைய 28 நாள் ரீசார்ஜ் 300 ரூபாய்கூட இல்லை. 20 டாலர் கொடுத்து எண்ணை கூகுள் வாய்ஸுக்கு மாற்றலாம்தான், ஆனால் சில வங்கிகள் அந்த வகை எண்ணுக்கு ஓடிபி அனுப்ப மறுக்கும். இதற்கு வழி தேடிப்போய்த்தான் நான் அமெரிக்க பிரீபெய்டு உலகத்துக்குள் நுழைந்தேன். மாதம் 5 டாலருக்கு இணைப்பு தருகிறவர்கள் இருந்தார்கள். கணக்கு எண்ணையும் மாற்றுவதற்கான பின் எண்ணையும் கொடுத்தால் போதும். இந்த நாட்டில் 2003 நவம்பரிலிருந்து எண்ணைக் கையோடு எடுத்துப்போகும் உரிமை இருக்கிறது, நம் ஊரில் நாடு முழுக்க அது வந்தது 2011 ஜனவரியில். பத்து நிமிடத்தில் எண் மாறியது. இ-சிம், வைஃபை காலிங். கோவில்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் எடிசனின் 732இல் தொடங்கும் எண்ணுக்கு வந்த ஓடிபியைப் படித்துக் காட்டினார்.

பிரீபெய்டு என்றால் இங்கே ஒரு இளக்காரம் உண்டு. கடன் மதிப்பெண் கெட்டவர்கள், ஆவணம் இல்லாதவர்கள், 'தி வயர்' தொடரில் வருவதுபோல் பேசிவிட்டு ஃபோனை உடைத்துப்போடும் போதைமருந்துக்காரர்கள், இவர்களுடைய சாதனம் என்று ஒரு நினைப்பு. நம் ஊரில் பத்து இணைப்பில் ஒன்பதுக்கு மேல் பிரீபெய்டுதான். 10 ரூபாய் டாப்-அப்புக்கு ஏழு ரூபாய் சொச்சம் டாக்டைம் வாங்கி, மிஸ்டு கால் கொடுத்துக் காதலித்த தலைமுறை நாங்கள். அங்கேயும் நிறுவனங்கள் லேசுப்பட்டவை இல்லை. மாதம் என்று சொல்லி 28 நாள் விற்று வருடத்துக்குப் பதின்மூன்று தடவை காசு வாங்கினார்கள். குறைந்தது ஒரு பிளானாவது 30 நாளுக்கு இருக்க வேண்டும் என்று டிராய் 2022இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஏமாற்று 28 நாளோடு முடிந்துவிடும். அடுத்த 28 நாளுக்கு நான் என்ன ஆவேன் என்று அது கேட்பதில்லை.

தரம் குறைவா என்றால், தொழில்முறையில் ஒரு பதில் உண்டு. விலை குறைந்த பிரீபெய்டுகாரர்கள் பெரும்பாலும் சொந்தமாகக் கோபுரம் வைத்திருப்பதில்லை. மூன்று பெரிய நிறுவனங்களின் வலையமைப்பை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறார்கள். பெரியவர்களும் அவர்களை வாங்கிக்கொண்டே வருகிறார்கள். டிராக்ஃபோன் 2021இல் வெரைசனுக்குப் போனது, மின்ட் 2024இல் டி-மொபைலுக்கு. அலைவரிசை ஒன்றே, கோபுரம் ஒன்றே. வித்தியாசம் வரிசையில். எல்டிஇ வலையமைப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் கியூசிஐ என்றொரு எண் உண்டு, நெரிசலில் யாருடைய தரவை முதலில் அனுப்புவது என்பதை அது முடிவுசெய்யும். பில் கட்டுகிறவருக்கு 8 என்றால் ரீசார்ஜ் செய்கிறவருக்கு 9 என்பதுபோல் வைப்பார்கள். சிறப்பு தரிசனமும் தர்ம தரிசனமும்தான். கூட்டமில்லாத நாளில் இரண்டு வரிசைக்கும் ஒரே வேகம், சாமியும் ஒரே சாமி. பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோயிலில் கூட்டமான ஒரு நாள், என் தர்ம தரிசன ஃபோனில் வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு புகைப்படம் போவதற்குள் பிரசாதம் வாங்கி முடித்துவிட்டோம். மற்றபடி இதுவரை எனக்குக் குறை தெரியவில்லை.

அண்ணாச்சி போனதும் நான்கு இணைப்பு, தலைக்கு 40 டாலர் ஆனது. ஒருவர் விலகினால் மற்றவர்களுக்கு ஏறும் என்பதுதான் இந்தக் குடும்பத்தைக் கட்டிவைத்திருந்த கயிறு. அதனால் ஒன்றரை வருடம் யாரும் பேச்செடுக்கவில்லை. 2024 இலையுதிர் காலத்தில் நெல்லூர்க்காரன் கேட்டான், புது ஐஃபோன் 'இலவசம்', உன் கணக்கில் ஒரு சம்மதம் மட்டும் கொடு என்று. 36 மாதம். என் கம்பெனியில் இரண்டாவது சுற்று ஆட்குறைப்பு முடிந்திருந்தது, என் விசா நீட்டிப்புக்கான விண்ணப்பம் போய் மூன்று மாதமாகியிருந்தது. 2027 இலையுதிர் காலம்வரை நான் இங்கே இருப்பேன் என்று அவனுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்று சொன்னேன். அவன் ஒன்பது வருடத்தில் ஒரு மாதம்கூடப் பணம் தாமதிக்காதவன். "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டான். அவன்மேல் இருந்தது. அதை எப்படிச் சொன்னாலும் சாக்குபோல்தான் ஒலித்தது. இன்றைக்கும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

அந்த வாரமே பிளானைக் கலைத்துவிடலாம், எல்லாரும் பிரீபெய்டுக்குப் போகலாம் என்று குழுவில் போட்டேன். தேனிக்காரன்தான் கொதித்தான். "பிரீபெய்டா? நாம என்ன நேத்துதான் வந்து எறங்குனோமா?" மாயவரத்தான் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு உண்மையான ஃபேமிலி பிளான் ஒன்றுக்கு மாறிக்கொண்டான். நெல்லூர்க்காரன் முழு விலை கொடுத்து ஃபோனை வாங்கி ஒரு பிரீபெய்டு சிம்மைப் போட்டுக்கொண்டான், எந்த நிறுவனம் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் தேனிக்காரனும் வந்தான். கடைசி பில் 61 டாலர். பிரித்துப் போட்டேன், எல்லாரும் அனுப்பினார்கள். அடுத்த மாதம் நான்காம் தேதி குழுவில் எதுவும் இல்லை. பொங்கலுக்கு அண்ணாச்சி ஒரு படம் போட்டார், நான்கு பேரும் கைகூப்பினோம்.

என் மனைவி இங்கே வந்த நாளிலிருந்தே பிரீபெய்டு. இப்போது வேலைக்குப் போகிறாள், அதே சிம்தான். நான் ஒன்பது வருடம் நடத்திய சாம்ராஜ்யத்தை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. என்னுடைய முதல் மூன்று மாதம் அறிமுகச் சலுகையில் மாதம் 15 டாலர். அது முடியும்போது அவள்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் அதே 15 டாலர் தொடரும், மூன்று மாதத்துக்கென்றால் மாதம் 25.

"வருஷத்துக்கே கட்டிடுங்களேன், 180 டாலர்தானே?"

"ஜூன் வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு மூன்று மாதத்தைத் தொட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.