காப்பி இல்லாமல் சிதம்பரம்

சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசிக்க வேண்டுமென்று வெகு நாளாக ஆசை. ஆனால் டாக்டர் காப்பியை நிறுத்தச் சொல்லிவிட்டாரே, பிரயாணத்தில் என்ன செய்வது என்று தயங்குகிறீர்களா? சிரிக்காதீர்கள், இப்படித் தயங்கும் குடும்பங்கள் ஏராளம். தாத்தாவுக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. அத்தைக்குப் படபடப்பு. முழுகாமல் இருக்கும் மருமகளுக்கோ, "குறைத்துக்கொள்" என்று உத்தரவு. வீட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம். இட்டிலியையும் கத்தரிக்காய் கொத்சுவையும் எதிரே வைத்துவிட்ட சிதம்பரத்தில், காப்பி குடிக்காமல் இலையை விட்டு எழுந்திருப்பதாவது!

டாக்டர் பயப்படுவது காப்பியின் மணத்துக்கு அல்ல, அதிலுள்ள காஃபீனுக்கு. 1819இல் ரூங்கே என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த சரக்கு அது. மாலை 5 மணிக்கு உள்ளே போன காஃபீனில் ஏறக்குறையப் பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் உலாவிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளின் உடம்பிலோ அது இன்னும் நெடுநேரம் தங்கும். தாத்தா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதன் ரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா?

இதற்கு மாற்றாகப் பட்டணத்துக் கடைகளில் 'பழத் தேநீர்' என்று அழகான பெட்டிகளில் விற்கிறார்கள். உலர்ந்த ஆப்பிள் துண்டு, காட்டு ரோஜாக் காய், புளிச்சகீரைக்கு உறவான ஒரு செடியின் சிவந்த பூ, இவைதான் உள்ளே. பெயர்தான் தேநீர்; தேயிலை கிடையாது. ஆகவே காஃபீனும் கிடையாது. ஆனால் சில பெட்டிகளில் சாதாரணத் தேயிலையிலேயே பழ வாசனையை ஏற்றியிருப்பார்கள். வாங்கு முன் பெட்டியின் முதுகைத் திருப்பிப் படியுங்கள்.

அவ்வளவு செலவு எதற்கு என்று கேட்பவர்கள், திருப்பாதிரிப்புலியூரில் வண்டி ஏறும்போதே ஒரு பிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி நிரப்பிக்கொள்ளட்டும். பெயரில் காப்பி இருக்கிறது, பானத்தில் இல்லை. இன்னொரு வேடிக்கை, அதுவே ஒரு பழத் தேநீர்தான்! கொத்தமல்லி விதை என்கிறோமே, தாவர சாஸ்திரப்படி அது விதையல்ல, காய்ந்த பழம். விரலால் நசுக்கினால் இரண்டாகப் பிளக்கும். விதை அதனுள்ளே இருக்கும். மிளகும் கொடியிலே விளையும் கனியே. பழுக்கு முன் பறித்து உலர்த்திவிடுகிறார்கள். சீரகமும் ஏலக்காயும் அந்தக் கூட்டம்தான். சுக்கு ஒன்றுதான் மண்ணுக்கடியிலிருந்து வந்த விருந்தாளி. காப்பியில் பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டையைக் குடிக்கிறோம். இதிலே பழத்தையே குடிக்கிறோம். (ஏமன் நாட்டார் காப்பிப் பழத்தின் தோலையும் விடாமல், இஞ்சி சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அதில் காஃபீன் உண்டு, நமக்கு ஆகாது.)

நாலு பேருக்கு, இரண்டு மேஜைக்கரண்டி மல்லியை வாசனை வரும்வரை வறுத்து, கட்டைவிரல் நீளச் சுக்கு, அரை டீஸ்பூன் மிளகு, இரண்டு ஏலக்காயோடு ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். ஐந்து டம்ளர் தண்ணீர் நாலாக வற்றும்வரை கொதிக்கட்டும். கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டிச் சேருங்கள். பால் வேண்டுமென்றால் கடைசியில், டம்ளரில்தான். வெல்லத்தோடு கொதிக்க விட்டால் திரிந்துபோகும். மார்கழித் திருவாதிரைக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலைப் பனியில் இதைவிட இதமான துணை கிடையாது.

கடலூரிலிருந்து சிதம்பரம் நேர் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர். நேரம் இருந்தால் நேரே போகாதீர்கள். மேற்கே விருத்தாசலம் சாலையில் திரும்பி வடலூருக்குப் போங்கள். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867இல் தருமசாலை திறந்து பசித்தவர்களுக்குச் சோறிட்ட ஊர் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். அங்கே சோற்றை மட்டும் நினைக்கிறோம். அடிகள் காலைப் பானத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை இலைகளோடு சீரகமும் சேர்த்துப் பொடியாக்கி, தண்ணீரும் பாலும் விட்டுக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை கலந்து சாப்பிடச் சொன்னார். காப்பி வீடுதோறும் நுழைவதற்கு முந்திய காலம் அது. காலையில் சூடாக ஒரு டம்ளர் வேண்டும் என்ற ஆசை, காப்பியோடு கப்பலேறி வந்ததல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் வந்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். புறப்படும் அன்றைக்குத்தான் காப்பியை நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்! கடைசி டம்ளர் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். கனகசபை எதிரே நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரிசனம் செய்வது யாருக்கு வேண்டும்? பத்து நாள் முன்னதாகவே மூன்று டம்ளரை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, பிறகு சிக்கரியைக் கூட்டிக் காப்பித் தூளைக் குறைத்து வாருங்கள். சிக்கரியில் காஃபீன் இல்லை. மோசடிச் சரக்கு என்று நாம் திட்டித் தீர்த்த சிக்கரி, இந்த ஒரு விஷயத்தில் உபகாரிதான்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கருப்பட்டியும் சர்க்கரையே. இனிப்பில்லாமல் குடித்துப் பழகுங்கள். பொடியில் ருசிக்காக அதிமதுரம் சேர்க்கும் வழக்கமும் உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நலம்.

மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் வேளையில் பிச்சாவரம் போய்வருகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலானால் சுக்கை மூட்டை கட்டிவிடுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நன்னாரிச் சாறும் பானைத் தண்ணீரும் விட்டுக் கலக்கி, படகில் ஏறு முன்பே ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிடுங்கள்; சதுப்புக் காட்டுக்குள்ளே கடை கிடையாது.