பனிமலையில் பருத்திப் பனியன்

தில்லியில் இருபத்தைந்து மார்கழிகளைக் கண்டவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர் ஜனவரி மாதத்தில் பற்கள் கிட்டி நடுங்கும்போதெல்லாம், "இரண்டு பனியனைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்; குளிர் ஓடிவிடும்" என்று புத்திமதி கூறுவேன். 2023ஆம் ஆண்டு அந்தப் புத்திமதியை என் மகளிடமே பிரயோகித்துப் பார்த்தேன்.

கல்லூரியில் படிக்கும் அவளுக்குக் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பழக வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. புறப்படுவதற்கு முன் நானே கடைக்குச் சென்று, உடம்போடு ஒட்டும் தடித்த பருத்திப் பனியன்கள் மூன்று வாங்கினேன். மேலே ஒரு கனத்த கோட்டு. என் மனைவி கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வந்தபோது, "இந்தப் பழங்காலத்து மூட்டை எதற்கு?" என்றேன். அவள் பதில் பேசாமல் அதைப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிச்சறுக்கு என்றால் வழுக்கிக்கொண்டு இறங்குவதுதான் என எண்ணியிருந்தேன். புதிதாகப் பழகுபவர்க்கு இறங்குவது அரை நிமிஷம். பலகைகளுடன் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து மீண்டும் மேலே ஏறுவது கால் மணி. மூன்று முறை ஏறியதும் மகளின் முகம் சிவந்து, நெற்றி வியர்த்தது. "பார்த்தாயா, குளிரே இல்லை!" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முறை சொல்லித் தரத் தொடங்கினார். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். காற்று எழுந்தது. சிறிது நேரத்தில் மகள் நடுங்கத் தொடங்கினாள். கையுறையின் பட்டையை அவளால் அவிழ்க்க முடியவில்லை. "அப்பா" என்ற சொல்லே குழறி வந்தது. களைப்பு என்று நினைத்தேன். அந்த இளம் ஆசிரியர் ஓடி வந்தார்; அவள் கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல்களை விட்டுப் பார்த்து, "உள்ளே பருத்தியா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

பக்கத்துத் தேநீர்க் குடிலில் புகாரி என்னும் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி ஒரு திரைக்குப் பின்னால் மகளின் ஈரத் துணிகளைக் களைந்து, அந்தப் பழங்காலத்து ஸ்வெட்டரை வெறும் உடம்பின்மேலேயே மாட்டித் தன் சால்வையையும் சுற்றினாள். சூடான தேநீர் உள்ளே போயிற்று. அரைமணி கழித்துத்தான் நடுக்கம் அடங்கி அவள் தெளிவாகப் பேசினாள். அதுவரை நான் மூன்று பனியன்களையும் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. பெயரிலேயே பனி இருப்பதால் பனிக்கு ஆகும் என்று நினைத்துவிட்டேன் போலும்!

அன்று மாலை ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். வெப்பத்தைக் காப்பது துணியன்று. துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடுகிறது. நீரோ அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்தும். பாலியெஸ்டர் இழை ஈரத்தை உறிஞ்சுவதே அரிது. கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றுக்கொண்டும், சுருண்ட இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ. நடுவில் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். வெளியே காற்றையும் பனியையும் தடுக்கும் மேலங்கி. அதன் அக்குளில் ஜிப் இருந்தால் ஆவி வெளியேறும். வாத்து இறகு அடைத்த கோட்டு உலர்ந்த குளிரில் சும்மா நிற்பவருக்கு மிக உகந்தது. நனைந்தால் இறகு சப்பிப் பயனற்றுப் போகும். ஏறும்போது நடு உடுப்பைக் கழற்ற வேண்டும், அதுவும் வியர்ப்பதற்கு முன்பே. நிற்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கழற்றி மாட்டும் சிரமத்துக்குச் சோம்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

காலுறையிலும் நான் தவறியிருந்தேன். இரண்டு ஜோடி மாட்டியதால் பூட்ஸ் இறுகி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரல்கள் மரத்திருந்தன. கம்பளியில் ஒரு ஜோடியே போதுமாம்.

தேநீர் கொடுத்த பெரியவர் தொளதொளவென்ற பிரன் அணிந்து, அதற்குள்ளே தணல் நிறைந்த காங்கிரியை அணைத்திருந்தார். உள்ளே காற்று தங்கத் தாராளமாக இடம். இந்த நுட்பத்தை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்றிருக்கமாட்டார். நான் பொறியியல் படித்தவன்!

மகள் மறுநாளே மீண்டும் சரிவில் நின்றாள். வரும் ஜனவரியிலும் போவதாக இருக்கிறாள். எடுத்துச் செல்ல வேண்டியவற்றை இம்முறை அவளே எழுதி வைத்திருக்கிறாள். அந்த மூன்று பனியன்களும் அதில் உண்டு. பலகைகளில் மெழுகு துடைப்பதற்காம்.

என் மனைவி மெல்லிய நூலில் புது ஸ்வெட்டர் பின்னுகிறாள். நேற்று இரவு, ஒன்றும் சொல்லாமல், என் மார்பளவையும் ஒரு நூலால் அளந்துகொண்டாள்.