நமுத்துப்போகும் நைலான்

காவேரிப்பட்டினத்தில் காவேரி கிடையாது. பேரைக் கேட்டுப் பூம்புகாரோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஊரைத் தொட்டு ஓடுவது தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலும் பிறகு கிருஷ்ணகிரி அணையிலும் தங்கிவிட்டு இங்கே வருகிறது. நான் போனது ஐப்பசியில். ராத்திரி முழுக்கப் பெய்திருந்தது. விடிந்தும் தூறல் விடவில்லை.

போச்சம்பள்ளி சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை. நான்கு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின்கள், ஒரு டிரையர். வண்டிக்குள் ஒயர்க் கட்டைப் பிடித்து நிறுத்துகிற நைலான் கிளிப்தான் இங்கே பிரதான வேலை. ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது 1980-இல். போச்சம்பள்ளியிலிருந்து ஓலா மின்சார ஸ்கூட்டர் வெளியே வந்தது 2021 டிசம்பரில். இரண்டுக்கும் நடுவே இந்த வட்டாரத்தில் முளைத்த சின்னப் பட்டறைகள் ஏராளம். பெரிய கம்பெனிக்கு நேரடியாகக் கொடுப்பவர்கள் இல்லை இவர்கள், கொடுப்பவர்களுக்குக் கொடுப்பவர்கள்.

டிரையரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். எல்லோரும் 'டிரையர்ணா' என்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையனும் அப்படித்தான் கூப்பிடுகிறான். அவன் முதலில் கற்ற தமிழ் அதுவாக இருக்கலாம்.

"டீயோட நிப்பட்டு தின்னீங்களே சார், மொறுமொறுன்னு இருந்துச்சா? டப்பாவைத் தொறந்து போட்டுட்டு சாயங்காலம் எடுத்துப் பாருங்க, நமுத்திருக்கும். நைலானும் அதே கததான்."

இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. நைலான் 66 சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் இரண்டரை சதவீதம் வரை ஈரம் குடிக்கும். தண்ணீரில் ஊறினால் எட்டு சதவீதத்தையும் தாண்டும். உருக்கி வார்க்க வேண்டுமானால் 0.2 சதவீதத்துக்குக் கீழே இறக்கியாக வேண்டும். பாலிகார்பனேட்டுக்கு 0.02, பாட்டில் செய்யும் பெட்டுக்கு 0.005 என்கிற அளவு. ஈரத்தோடு உருக்கினால் கொஞ்சம் ஆவியாகி, வார்த்த பொருளின் மேல் வெள்ளிக் கீற்றாக ஓடும். பட்டறையில் அதற்கு 'சில்வர்' என்று பேர். அதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும். மீதி ஈரம் உருகிய பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும் பொருள், ஒரு தட்டுத் தட்டினால் தெறிக்கும்.

வெறும் ஹாட் ஏர் டிரையர் வெளிக் காற்றைச் சூடாக்கி ஊதுகிறது, அவ்வளவுதான். மழை நாளில் அது ஊதுவதே ஈரக் காற்று. இங்கே இருப்பது வேறு ஜாதி. ஒரே காற்று சுற்றிச் சுற்றி வருகிறது. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய டவருக்குள் புகுந்து காய்ந்து, ஹீட்டரில் 80 டிகிரிக்குச் சூடாகி, ஹாப்பரின் அடியில் நுழைந்து, நைலான் குருணை வழியாக மேலேறி, பில்டரைத் தாண்டித் திரும்புகிறது. டவர்கள் இரண்டு. ஒன்று வேலை செய்யும்போது மற்றதை 250 டிகிரி வரை சூடாக்கி, அது குடித்த ஈரத்தை வெளியே விரட்டி, ஆறவைக்கிறார்கள். பிறகு இடம் மாறும். காற்று எவ்வளவு காய்ந்தது என்பதற்கு டியூ பாயிண்ட் கணக்கு, அதாவது ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. அன்று வெளியே அது இருபதை ஒட்டி இருந்திருக்கும். மெஷினுக்குள் மைனஸ் நாற்பது வேண்டும்.

நான் போனபோது டிஸ்ப்ளேயில் மைனஸ் 38. நல்லாத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. டவர் மாறியது, எண் மைனஸ் 25, மைனஸ் 14, மைனஸ் 9 என்று ஏறியது.

"மணி கெட்டிருந்தா ரெண்டு டவர்லயும் காட்டும். ஓஸ் லீக்னாலும் ரெண்டுலயும் காட்டும். பாதி நேரம் நல்லா இருந்து பாதி நேரம் ஏறுதுன்னா ஒரு டவர் மட்டும் காயல. அதோட ஹீட்டர் போயிருக்கும்."

ஆனாலும் முதலில் பில்டரைத்தான் கழற்றினார். அது அவர் வழக்கம். வெளுத்த மாவு போலக் குருணைத் தூள் படிந்திருந்தது. தட்டி உதறாமல், வேக்குவத்தை வைத்து மெதுவாக இழுத்தார். பில்டர் அடைத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் ஹீட்டர் கம்பி வேகும். குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்த்தார். திரும்பி வரும் காற்று சூடாக இருந்தால் மணிகள் ஈரத்தைப் பிடிக்காதாம். போர்த் தண்ணீர் உப்புப் படிந்து அந்தக் குழாயை அடைத்துவிடும் என்று ஒரு புகாரும் சொன்னார்.

அடுத்து அவர் செய்தது எனக்கு முதலில் நேர விரயமாகப் பட்டது. ஹீட்டரை நிறுத்தினார், மெயினை நிறுத்தவில்லை. புளோயர் முக்கால் மணி நேரம் ஓடியது. சட்டென்று எல்லாவற்றையும் அணைத்தால் உள்ளே தேங்கிய சூடு ஓஸையும் சீலையும் தின்றுவிடும், திறக்கிறவன் கையையும்தான். சட்டைக் கையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டினார். பழைய தழும்பு, நெளிந்த புழு போல. பிறகு மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார். பூட்டிய பிறகும் டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்த பின்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மீட்டரில் ஹீட்டரின் இரண்டு கம்பிகள் ஒரே அளவு காட்டின. மூன்றாவதில் முள் அசையவில்லை.

கம்பி மாற்றும்போது டவர் மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. உள்ளே ஜவ்வரிசி போல மணிகள். மாலிக்யுலர் சீவ் என்பார்கள், செயற்கை சியோலைட். 1756-இல் சுவீடன்காரர் கிரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நுரைத்து ஆவி விட, 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் வைத்த பேர் அது. புது டின்னிலிருந்து ஒரு கரண்டி மணியை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு என்னிடம் நீட்டினார். அடுப்பில்லாமல் டம்ளர் சுட்டது, காபி டம்ளர் போல. "இதைத் தெரியாம ஈரக் குப்பைத் தொட்டியில மொத்தமா கொட்டினா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

கம்பி மாட்டி, புளோயர் அம்புக்குறிப் பக்கம்தான் சுற்றுகிறதா என்று பார்த்தார். மெயின் லைனில் பேஸ் மாறியிருந்தால் எதிர்ப்பக்கம் சுற்றுமாம். காற்று கொஞ்சம் வரத்தான் செய்யும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

அப்புறம் காத்திருப்பு. நைலானுக்கு 80 டிகிரியில் நான்கு மணி நேரம். முதலாளி இரண்டு முறை வந்து "ஆச்சா?" என்றார். "ஆகலை" என்பதற்கு மேல் பதில் இல்லை. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், அவசர ஆர்டர் என்று மேலே இருந்தவர் சூட்டை 110-க்கு ஏற்றி நேரத்தைப் பாதியாக்கச் சொன்னாராம். நைலான் பழுத்த இலை மாதிரி மஞ்சளாகிவிட்டது. சரக்கு திரும்பி வந்தபோது பிடித்தம் இவர் சம்பளத்தில்.

நான்கு மணி நேரம் ஆனதும் ஒரு சின்ன ஹாட் பிளேட்டை எடுத்தார். 280 டிகிரியில் கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சுடவைத்து, இடுக்கியால் நான்கு குருணைகளை வைத்து, இன்னொரு சில்லால் மூடி, ஐஸ் குச்சியால் அழுத்தினார். காசு போல நான்கு வட்டங்களாகப் படர்ந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூன்று தெளிவு, நான்காவதில் ஊசி முனையளவு குமிழி ஒன்று. முதலாளி எட்டிப் பார்த்து, "ஒண்ணுதானே?" என்றார்.

இன்னும் அரை மணி நேரம் போனது.

சாயங்காலம் கிளிப்புகள் விழத் தொடங்கின. ஒன்றைக் கையில் எடுத்து வளைத்தேன், பட்டென்று ஒடிந்தது. இவ்வளவு பாடுபட்டுமா என்று அவரைப் பார்த்தேன். அவர் பேக்கிங் பக்கம் கை காட்டினார். அங்கே இரண்டு அக்காக்கள் கிளிப்புகளைப் பாலிதீன் பையில் எண்ணிப் போட்டு, ஒவ்வொரு பையிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, வாயை இறுகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வார்க்கும்போது சங்கிலியை வெட்டுகிற அதே தண்ணீர், வார்த்த பிறகு சங்கிலிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அவற்றை வளையவிடுகிறது. நாலைந்து நாளில் நமுத்துவிடுமாம். அப்புறம் எப்படி வளைத்தாலும் ஒடியாது என்று சொல்லிவிட்டு, ஒரு அக்கா அடுத்த பைக்கு டம்ளரை முக்கினார்.