களிமண் அட்டையும் பைப் கிளீனரும்... ஒரு தாம்பரத்து அம்மாவின் ஜெர்மன் பாடம்!

"பைப் கிளீனர்னுதான் கேட்டேன். இதைத்தான் கொடுத்தாங்க!"

சேலையூரில் ஒரு வியாழக்கிழமை இரவு. மகளின் ஸ்கூல் புராஜெக்டுக்கு பைப் கிளீனர் வாங்கப் போன கணவர், ஹார்டுவேர் கடையிலிருந்து சிங்க் அடைப்பு நீக்கும் பவுடரோடு வந்து நிற்கிறார். மூன்றாம் வகுப்பு மகளுக்கு அழுகை முட்டுகிறது. அம்மாவுக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. காரணம், ஹாலில் திறந்து கிடந்த லேப்டாப்.

குழந்தை பிறந்ததும் ஐ.டி வேலையை விட்டவர் அவர். பிறகு தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் போய், மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்தார். "இனிமே எதுக்கு இதெல்லாம்?" என்ற கேள்விகளைத் தாண்டிக் கிடைத்த முதல் வேலை, குழந்தைகளின் கைவினைப் பொருள் பட்டியலை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது. 'சின்னப் பசங்க சாமான்தானே' என்று ஒரே இரவில் முடித்து அனுப்பினார். அன்று மாலைதான் அது திரும்பி வந்திருந்தது, பாதி வரிகளில் சிவப்புக் கோடுகளோடு. திருத்தித் தர இரண்டே நாள். சொதப்பினால் அடுத்த வேலை வராது.

எங்கே தவறு?

'டோன்கார்ட்டோன்' என்றொரு சொல். அகராதியில் 'டோன்' என்றால் களிமண், 'கார்ட்டோன்' என்றால் அட்டை. 'களிமண் அட்டை' என்று பொருள்படும்படி எழுதிவிட்டார். 'டோன்' என்பதற்கு வண்ணச்சாயல் என்றும் அர்த்தம் உண்டு. அது வெறும் கலர் அட்டை, சதுர மீட்டருக்கு சுமார் 220 கிராம் எடை. அதன் தம்பி 'டோன்பப்பியர்', 130 கிராம். இந்த வகைத் தாளுக்கு அமெரிக்காவில் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர் என்று பெயர். கட்டடம் கட்ட உதவாது! பிரிட்டனில் சுகர் பேப்பர், சர்க்கரைப் பை செய்த காலத்துப் பெயர். நம்மூர் கடையில் சார்ட் பேப்பர் என்று கேட்டால் போதும்.

'மோஸ்கும்மி'யை அப்படியே மாற்றினால் 'பாசி ரப்பர்'. உண்மையில் அது பிள்ளைகள் வெட்டி ஒட்டும் ஃபோம் ஷீட். 'ஸைடன்பப்பியர்' என்றால் 'பட்டுத் தாள்'. பட்டு துளியும் கிடையாது, ஆங்கிலத்தில் டிஷ்யூ பேப்பர். அதை தாம்பரத்தில் கேட்டால் கை துடைக்கும் பேப்பர்தான் வரும்!

பைப் கிளீனரும் அப்படித்தான். புகையிலை பைப்பைச் சுத்தம் செய்ய வந்த, பஞ்சு சுற்றிய கம்பி அது. ஜெர்மன் பெயருக்கும் அதே அர்த்தம்தான். இன்று பெரும்பாலும் பட்டாம்பூச்சிக்கு உடம்பும் மீசையும் ஆகிறது.

பவுடர் பாக்கெட்டைப் பார்த்தபோது அவருக்கு உறைத்தது. கடையில் கணவர் செய்ததும், அகராதியை வைத்துக்கொண்டு தான் செய்ததும் ஒன்றுதான். இருவருமே சொல்லை வாங்கினார்கள், பொருளை வாங்கவில்லை.

மறுநாள் காலை மேற்கு தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு ஸ்டேஷனரி கடை. மகளுக்கு பைப் கிளீனர் வாங்கிய கையோடு, ஃபோம் ஷீட்டை அழுத்திப் பார்த்தார், அட்டைகளை வளைத்துப் பார்த்தார். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள்: இது எதனால் ஆனது? எவ்வளவு தடிமன்? குழந்தை இதை வைத்து என்ன செய்யும்?

அந்த மூன்றாவது கேள்விதான் பெரிய தவறைக் காட்டியது. 'ப்யூகல்பெர்லன்' என்பதை 'பிளாஸ்டிக் மணிகள்' என்று எழுதியிருந்தார். 'ப்யூகல்ன்' என்றால் இஸ்திரி போடுவது. பலகையில் மணிகளை அடுக்கி, மேலே தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டப் பெரியவர் துணை வேண்டும். பெயரிலேயே இருந்த அந்த எச்சரிக்கையை அவருடைய மொழிபெயர்ப்பு அழித்திருந்தது. தன் மகள் கையில் இருந்தால்? நினைத்ததுமே பதறியது. கூடவே மணிகள் பொடி சைஸ், வாயில் போட்டால் ஆபத்து. 36 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது என்ற வரியையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார்.

திருத்திய பட்டியல் சனிக்கிழமை போனது. திங்களன்று இரண்டு சின்னத் திருத்தங்களோடு ஓகே ஆனது. அடுத்த பட்டியலும் வந்துவிட்டது.

அதில் 'பாஸ்டெல்ன்' என்ற சொல் இருந்தது. பேப்பர், நூல், பசை என்று கையில் கிடைத்ததை வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பது. சரியான ஆங்கிலச் சொல் கிடைக்காமல் அவர் தவித்தபோது, தமிழ்ச் சொல் மட்டும் உடனே வந்தது. வயர்கூடை பின்னும்போது அவருடைய அம்மா சொல்வது: கைவேலை.

சரி, அந்த பவுடர்? ஞாயிற்றுக்கிழமை சிங்க் அடைத்துக்கொண்டது. வீணாகவில்லை!