முன்சக்கரம்

போன வாரம் மருமகன் போன் செய்தார். "மாமா, டிராக்டருக்கு முன் டயர் மாத்தணும். ஒரு சைஸ் அகலமாப் போட்டா சேத்துல புதையாதுன்னு சொல்றாங்க."

"வண்டி வயல்ல எத்தனை மணி நேரம் ஓடுது மாப்பிள்ளை, ரோட்டுல எத்தனை?" என்று கேட்டேன். அவர் கணக்குப் பார்த்ததில்லை. அந்த வயதில் நானும் பார்த்ததில்லை.

அப்போது என் டிராக்டரில் முன்னால் 6.00-16, பின்னால் 13.6-28. இழுப்பது பின்சக்கரம்தானே என்று பணத்தையெல்லாம் அதற்கே கொட்டினேன். முன் டயரில் சுற்றிலும் மூன்று வரி ஓடும். ஈர மண்ணைக் கிழித்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டீயரிங் சொன்ன பக்கம் வண்டியைக் கொண்டுபோவது அந்த வரிகள்தான். அவை மழமழவென்று தேய்ந்த பிறகும் இரண்டு போகம் ஓட்டினேன். தொளி உழவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலும் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு நேரே வரப்புக்குப் போகும். போனால் என்ன, ஒரு பக்க பிரேக்கை மிதித்தால் திரும்பிவிடுமே! மிதித்து மிதித்துப் பழகிப்போனது. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பிரேக் லைனிங் தேய்ந்து போய் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பிரேக்கைத் தொடவே இல்லை. முன்னால் போய்க் குனிந்து டயரைத் தடவினார். "ஐயா, ஸ்டீயரிங் வேலையையும் பிரேக்கே பாத்திருக்கு" என்றார். டயரில் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகவே அன்று கொடுத்துவிட்டு வந்தேன்.

மருமகனிடம் இதைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொன்னேன். 7.50-16 போட்டால் அதற்கேற்ற டிஸ்க்கும் மாற்ற வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் தோள்பட்டை கழன்றுவிடும். டிரெய்லர் கட்டி ரோட்டிலேயே ஓடும் வண்டி என்றால் மூன்று வரி சீக்கிரம் தேயும். வரிகள் நெருக்கமாக உள்ள டயர் நல்லது. சேறுதான் முக்கியம் என்றால் நடு வரி உயர்ந்த மூன்று வரியை விடக் கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் சைஸை மாற்றும் பேச்சே வேண்டாம். முன்னும் பின்னும் உருளும் கணக்கைப் பார்த்துத்தான் அதற்குப் பல்சக்கரம் போட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் சரி மாமா, எந்தக் கம்பெனி?"

"முதல்ல பழைய டயரைப் பாத்துட்டு வாங்க."

ராத்திரி மறுபடி கூப்பிட்டார். இரண்டு டயரிலும் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதாம். உள் ஓரம் புதிது போல இருக்கிறதாம்.

"அப்ப நாளைக்கு டயர் கடைக்குப் போகாதீங்க. டை ராடை அளந்து சரிபண்ணச் சொல்லுங்க. புது டயரை அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றேன்.