எவர்சில்வரின் ஆயுள்

பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருந்தால் இறக்கிப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, கனமான பீங்கான். எவர்சில்வர் வந்து பித்தளையையும் வெண்கலத்தையும் சமையலறையை விட்டுத் துரத்திய பிறகும் எங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாயை மட்டும் அதில் போட விடமாட்டார்கள். "உப்பு அரிச்சுடும்டா" என்பாள் பாட்டி. எவர்சில்வராவது, அரிக்கிறதாவது என்று சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைத்தது தாய்லாந்தில், தரையிலிருந்து ஐம்பது அடி உயரத்தில், இடுப்பில் கட்டிய கயிற்றோடு நான் தொங்கிக்கொண்டிருந்தபோது.

கிராபி பக்கத்தில் ரெய்லே என்று ஒரு இடம். தீவு இல்லை, தீபகற்பம்தான். ஆனாலும் சுண்ணாம்புக்கல் மலைகள் சுற்றி அடைத்துக்கொண்டிருப்பதால் படகில்தான் போகவேண்டும். கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கிற பாறைகளில் ஏறுவதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். என்னைப் போன்ற தொந்திக்காரர்களுக்கும் அரைநாள் வகுப்பு உண்டு. என் பையன் சும்மா இருக்கவில்லை, எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டான். சொல்லிக்கொடுத்த தாய்லாந்து இளைஞன் என்னை வாய்க்கு வாய் 'பீ' என்று கூப்பிட்டான். மூத்தவர்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்களாம், நம் அண்ணன் மாதிரி. தமிழ்க் காதில் அது எப்படி விழுந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த விளையாட்டின் அடிப்படை ரொம்ப எளிது. பாறையில் சில அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு போல்ட் அடித்திருப்பார்கள். ஏறுகிறவர் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கொக்கியை மாட்டி, அதில் தன் கயிற்றை நுழைத்துக்கொண்டே மேலே போகிறார். கயிற்றின் மறுமுனை கீழே நிற்கும் நண்பரிடம். கை நழுவினால் கடைசியாக மாட்டிய போல்ட் வரைக்கும், அதற்குக் கீழே இன்னும் அவ்வளவு தூரமும் விழுவார். பிறகு கயிறு இறுகி நின்றுவிடும். எல்லாம் அந்த ஒரு விரல் தடிமன் இரும்பை நம்பித்தான்.

என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்குக் கயிற்றை முன்பே உச்சியில் மாட்டிவிடுகிறார்கள். தட்டுத் தடுமாறி மேலே போய்ச் சேர்ந்ததும், என் உயிர் எதில் தொங்குகிறது என்று பார்த்தேன். மங்கலான சாம்பல் நிறத்தில், கோந்து போட்டு ஒட்டிய மாதிரி இரண்டு வளையங்கள். ஒரு முழம் தள்ளி நல்ல பளபளப்பான போல்ட் ஒன்று சும்மா இருந்தது. அங்கங்கே பழுப்பாய்ச் சில புள்ளிகள், அவ்வளவுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லதை விட்டுவிட்டு மட்டமானதில் மாட்டியிருக்கிறானே!

இறங்கியதும் கேட்டேன். "பளபளக்கிறது பழசு, பீ. அதில் என் துண்டைக்கூடத் தொங்கவிட மாட்டேன்" என்றான்.

சமாசாரம் இதுதான். பழசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் எவர்சில்வர் குடும்பம். புதிதாக இருக்கும்போது நல்ல போல்ட்டைக் குறுக்காக இழுத்தால் 25 கிலோநியூட்டன், அதாவது சுமார் இரண்டரை டன் தாங்கவேண்டும் என்பது விதி. ஆனால் வெப்பமண்டலக் கடலோரத்தில் காற்றோடு வருகிற உப்பு பாறையில் படிகிறது. மழை படாத குடைவான இடத்தில் அது கழுவப்படாமல் சேர்ந்துகொண்டே போகிறது. முறுக்கி இறுக்கிய உலோகம் ஏற்கனவே விறைத்துக்கொண்டுதான் நிற்கும். விறைப்பு, வெப்பம், உப்பு மூன்றும் கூடினால் உள்ளே மயிரிழை விரிசல் கிளைவிட்டு ஓடும். துருப்பிடித்த இரும்பு பார்த்ததுமே தெரிந்துவிடும். இது வெளியே மினுக்கிக்கொண்டே உள்ளே உளுத்துப்போகும், தச்சர்கள் சொல்கிற செல்லரித்த உத்தரம் மாதிரி. சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஒரு ஆள் தொங்குகிற எடையைக்கூடத் தாங்காமல் முறிந்த போல்ட்டுகள் உண்டு. உப்புத் தண்ணீருக்கு என்றே தயாரித்த உயர்ரகமான 316-ம் இதற்குத் தப்பவில்லை.

பாறை ஏறுகிறவர்களுக்கு மட்டுமான தலைவலி என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில், உள்ளரங்க நீச்சல்குளம் ஒன்றின் கான்கிரீட் உட்கூரையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். 1985 மே மாதம் அது அப்படியே குளத்தின் மேல் விழுந்தது. 12 பேர் செத்துப்போனார்கள். கட்டிப் பதின்மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே கடல் இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யப் போட்ட குளோரினே போதுமானதாக இருந்தது.

ரெய்லேயில் கண்டுபிடித்த மாற்று டைட்டானியம். இந்தக் கடல் உப்பு அதை ஒன்றும் செய்வதில்லை. விலைதான் ஸ்டீலைவிடப் பல மடங்கு. வேலையும் லேசில்லை. கயிற்றில் தொங்கியபடியே டிரில் போடவேண்டும். துளைக்குள் இருக்கிற தூசியை பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊதவேண்டும். சோம்பேறித்தனப்பட்டால் பசை பாறையைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பசையை நிரப்பி போல்ட்டைத் திருகிச் செருகியபின் அது நன்றாக இறுகும்வரை யாரும் தொடக்கூடாது. ஒரு பாதைக்குப் பத்துப் பன்னிரண்டு போல்ட் என்று வையுங்கள், பாதைகளோ நூற்றுக்கணக்கில். இதையெல்லாம் செய்வது பெரும்பாலும் சம்பளமில்லாத ஆசாமிகள், நன்கொடைப் பணத்தில்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். முதலில் ஏறி போல்ட் அடித்தவருக்குப் பாதைக்குப் பேர் வைக்கும் உரிமை உண்டு. வழிகாட்டிப் புத்தகத்தில் அவர் பேரும் வருஷமும் அச்சாகும். அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேப்பிடன் பாறையில் 1958-ல் 'நோஸ்' என்ற பாதையை முதன்முதலாக ஏறிய வாரன் ஹார்டிங், கடைசி இரவு முழுக்கத் தூங்காமல் சுத்தியலும் உளியுமாக 28 போல்ட் அடித்து விடியற்காலையில் உச்சிக்குப் போனார். அந்தக் கதையை இன்றைக்கும் சொல்கிறார்கள், சொல்லவேண்டியதுதான். ஆனால் அந்தக் காலத்து யோசெமிட்டி போல்ட்டுகள் பெரும்பாலும் கால் அங்குலம். வருஷக்கணக்காக வெயிலிலும் பனியிலும் கிடந்ததில், சிலது நெம்பியதும் சொத்தைப்பல் மாதிரிக் கையோடு வந்தன. 1998-ல் கிறிஸ் மெக்நமாரா என்ற இளைஞர் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் மாற்றியிருக்கிறார்கள். வனப்பாதுகாப்புப் பகுதி என்பதால் மின்சார டிரில்லுக்கு அங்கே அனுமதி இல்லை. பழசைப் பிடுங்கி, அதே துளையைக் கையாலேயே அகலப்படுத்தி, புதிதை இறக்கவேண்டும். அந்தக் கைகளின் பேர் எந்தப் பாதையிலும் இல்லை.

நான் ஏறிய பாதையில் டைட்டானியம் போட்டது யார் என்று அந்தப் பையனிடம் கேட்டேன். யோசித்தான். "ஒரு வெள்ளைக்காரர், கூட எங்க ஊர்ப் பசங்க ரெண்டு பேர். எந்த வருஷம்னு ஞாபகம் இல்லை" என்றான். பழசை ஏன் இன்னும் அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள் என்றதற்கு, அதை அறுத்தெடுக்க இன்னொரு நாள் வேண்டும், அந்த நாளில் வேறு பாதையில் நாலு புதுசு போட்டுவிடலாமே என்றான்.

திரும்பும்போது கடையில் போல்ட் நிதிக்காக டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாங்கினேன். என் அளவில் இல்லை. இரண்டையும் பையன்தான் போட்டுக்கொள்கிறான்.