எல்லைக்கு நோட்டீஸ்

முதுகுளத்தூரில் கடல் கிடையாது. கண்மாயும் கருவேலங்காடும் மிளகாய்க் களமுமாகக் கிடக்கிற ஊர் அது. ஆனாலும் கச்சத்தீவைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் மிகவும் நல்ல கேள்வி அங்கேதான் பிறந்தது. கேட்டவர் என் தாய்மாமன். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் மாப்பிள்ளை, ஒரு முழ வரப்புத் தகராறுன்னாலும் ரெண்டு பட்டாதாரருக்கும் நோட்டீஸ் சார்பு பண்ணிட்டுத்தான் சங்கிலியை விரிப்போம். ஒரு தீவையே கொடுத்தாகளே, யாருக்கு நோட்டீஸ் கொடுத்தாக?"

மாமாவுக்கு அது அந்நிய சமாசாரம் அல்ல. அவர் அளந்த புஞ்சைகளும் 285 ஏக்கர் கொண்ட அந்தத் தீவும் ஒரு காலத்தில் ஒரே இராமநாதபுரம் சமஸ்தானத்துக் கணக்கில் இருந்தவை. ஜமீன்கள் ஒழிந்தன, அரசியல் சட்டம் வந்தது. நிலம் மாநிலப் பட்டியலில் சேர்ந்தது. அயல்நாட்டு உடன்படிக்கை மத்தியப் பட்டியலில் சேர்ந்தது. கச்சத்தீவு நிலமா, எல்லையா? டில்லி அதை எல்லை என்று எடுத்துக்கொண்டது. விவகாரம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

ஒரு மாநிலத்தின் தாலுகாவைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்ப்பதானால், மசோதாவை அந்த மாநிலச் சட்டசபைக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு. 1958-ல் வங்காளத்துப் பெருபாரியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேரு சம்மதித்தபோது, அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் அது முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். 1960-ல் திருத்தினார்கள். கச்சத்தீவுக்கு அந்தச் சிரமம் ஏற்படவில்லை. நம்முடையது என்று முடிவாகாத இடத்தைக் கொடுத்ததாக எப்படிச் சொல்லலாம் என்பது டில்லியின் வாதம். கெட்டிக்கார வாதம்தான்.

1974 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜூன் மாதக் கடைசியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். முதலமைச்சர் கருணாநிதியிடம் வெளியுறவுச் செயலாளர் முன்னதாகவே விவரம் சொன்னார் என்று பிற்காலத்தில் வெளியான குறிப்புகள் கூறுகின்றன. அதை வைத்துக்கொண்டு இன்றும் கட்சிகள் அடித்துக்கொள்கின்றன. ஒருவர் காதில் சொல்லிவிட்டால் ஊருக்குச் சொன்னதாகிவிடுமா? மாமாவின் நோட்டீஸ் எந்தச் சட்டசபையின் முன்னும் வைக்கப்படவில்லை. ஆகஸ்டில் சட்டசபை கண்டனத் தீர்மானம் போட்டது; கையெழுத்து உலர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அடுத்தது இன்னும் விசேஷம். 1976 ஜனவரி 31-ந் தேதி தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டது. மார்ச் 23-ந் தேதி இரு சர்க்கார்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக்கூடாது என்று தீர்த்துவிட்டன. ஆட்சேபம் சொல்லச் சென்னையில் ஒரு மந்திரிகூட இல்லை.

டில்லியின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. மாநிலத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கொள்கை என்று வைத்துக்கொண்டு தேசம் நடத்த முடியாது. அக்கரையிலும் தமிழ் மீனவர்களே இருக்கிறார்கள். நம்முடைய இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துப் போவதாக அவர்கள் அழுவது பொய்யல்ல. ஆயினும் கேட்டுவிட்டுச் செய்வதற்கும் செய்துவிட்டுச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

தீவை மீட்கவேண்டும் என்று 2025 ஏப்ரல் 2-ந் தேதி சட்டசபை மறுபடியும் தீர்மானம் போட்டது. கடற்கரையில் நடப்பது வேறு. படகைப் பதிவு செய்வது சென்னை. இனப்பெருக்க காலத்தில் 61 நாள் கடலுக்குப் போகாதே என்று தடுப்பதும், பிடிபட்டவன் வீட்டுக்குத் தினப்படி கொடுப்பதும் சென்னை. அவனை விடுவிக்கப் பேசவேண்டியது டில்லி. முதலமைச்சர் கடிதம் எழுதுகிறார்; டில்லி பேசுகிறது; ஆள் திரும்பி வருகிறான். படகு பல சமயம் வருவதில்லை. அக்கரைச் சர்க்கார் அதைப் பறிமுதல் செய்துகொள்கிறது. படகுக்கு வாங்கிய கடனின் வட்டி இராமேசுவரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.